சொல்லுரிமையும் அரவணைப்பும்: மிச்சிகன் தரும் பாடம்

முன்னுரை

பல்கலைக்கழகம் இரு கடமைகளை ஒருங்கே சுமக்கிறது. கருத்தினை அச்சமின்றிக் கூற இடந்தருதல் ஒன்று. பயில வந்தோர் எவரும் தம்மை அயலாராக எண்ணிக் கூசாதவாறு காத்தல் மற்றொன்று. இவ்விரண்டும் தம்முள் முரணுங்கால் செய்யத்தக்கது யாது? அமெரிக்க நாட்டின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த ஒன்றைக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வோம்.

விதி பிறந்த சூழல்

1987ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஆன் ஆர்பர் நகரிலுள்ள அப்பல்கலைக்கழகத்தில், கறுப்பினத்தாரை வேட்டைக்குரியோராக அறிவித்து இழித்துரைக்கும் துண்டறிக்கைகள் காணப்பட்டன. மாணவர் வானொலியிலும் இனத்தை இகழும் நகைச்சுவைத் துணுக்குகள் ஒலித்தன. எண்ணிக்கையில் சிறுபான்மையரான மாணவர்க்கு இவை வெறும் சொற்களல்ல. ‘உனக்கு இங்கு இடமில்லை’ என்னும் அறிவிப்பேயாகும். எனவே 1988இல் நிர்வாகம் விதியொன்றை இயற்றியது. இனம், சமயம், பால் முதலியன பற்றி ஒருவரை இழிவுபடுத்தி, அவர்தம் கல்விச் சூழலைக் கெடுக்கும் சொல்லும் செயலும் தண்டனைக்குரியன என்றது அவ்விதி. அதன் நோக்கம் நன்றே என்பதில் நமக்கு ஐயமில்லை.

நடைமுறையில் நேர்ந்தது

பல் மருத்துவ வகுப்பொன்றின் அறிமுகக் கூட்டத்தில், அப்பாடத்தில் சிறுபான்மையினர் இடர்ப்படுகின்றனர் என்றும், நேர்மையாக நடத்தப்படுவதில்லை என்றும் தாம் கேள்வியுற்றதாக ஒரு மாணவர் கூறினார். தாமும் சிறுபான்மையினரான பேராசிரியர், அச்சொல் தம் பணி உயர்வுக்கு ஊறு செய்யும் என முறையிட்டார். மாணவர் அறிவுறுத்தப்பட்டு, மன்னிப்புக் கடிதம் எழுத இசைந்தார். நலிந்தோரைக் காக்கப் பிறந்த விதி, நலிந்தோர் நேர்மையாக நடத்தப்படுகின்றனரா என்னும் வினாவையே அடக்கிவிட்டது! ஆண், பெண் வேறுபாடுகளை உயிரியல் நோக்கில் விவாதித்தாலும் தண்டனை வருமோ என அஞ்சிய உளவியல் ஆய்வு மாணவர் ஒருவர் நீதிமன்றத்தை நாடினார்.

தீர்ப்பு

மனத்தைப் புண்படுத்தும் பேச்சையும் விதி தடுக்கும் பேச்சையும் எங்ஙனம் பிரித்தறிவது என நீதிமன்றம் வினவ, பல்கலைக்கழக வழக்குரைஞர் ‘மிகக் கவனமாக’ என விடை பகர்ந்தார். அரசுப் பல்கலைக்கழகம் ஆதலின், அரசியலமைப்பு வழங்கும் பேச்சுரிமைக்கு அது கட்டுப்பட்டதாகும். 1989இல் நீதிபதி ஏவர்ன் கோன் அவ்விதியைச் செல்லாததாக்கினார். பொருள் தெளிவின்மையும் எல்லை கடந்து பரந்தமையும் அவர் கண்ட குறைகள். நன்னூல் சுட்டும் பத்துக் குற்றங்களுள் மயங்க வைத்தல், மிகைபடக் கூறல் என்னும் இரண்டினை இவை நமக்கு நினைவூட்டுகின்றன. நூலுக்கு ஆகாதது விதிக்கும் ஆகாதன்றோ? எனினும் மிரட்டல், தாக்குதல், உடைமைகளைச் சிதைத்தல், பாகுபாடு காட்டுதல் ஆகியவற்றைத் தண்டிக்கத் தடையில்லை என்பதும் அத்தீர்ப்பில் தெளிவாயிற்று. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் இத்தகைய விதியும் 1991இல் வீழ்ந்தது.

முடிவுரை

விதி வீழ்ந்தமையால் துண்டறிக்கை கண்ட மாணவரின் புண் ஆறிவிடவில்லை என்பதை நாம் மறத்தலாகாது. மிரட்டலை உடன் தண்டித்தல், இழிசொல்லை நிறுவனத் தலைமையே வெளிப்படையாகக் கண்டித்தல், சிறுபான்மை மாணவரும் ஆசிரியரும் பெருக வழி செய்தல், குறை கூறுவோரைத் தண்டிக்குமுன் அவர் கூறுவது மெய்யா என உசாவுதல் ஆகியன அரவணைப்பின் மெய்யான வழிகள் எனக் கருதுகிறோம். குறையை எடுத்துரைக்கும் நாவே எளியோர்க்கு முதற்படைக்கலம். அதனைக் கட்டிவிட்டு அவர்களைக் காத்தல் இயலாது.