மூன்று வருஷம் என்றால் மூன்று வருஷம்

கனடா பிஆருக்கு (நிரந்தர வசிப்புரிமைக்கு) விண்ணப்பம் போடப்போகும் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பத்துப் பிள்ளைகள் சான்றிதழ்க் கட்டோடு வந்து முதலில் கேட்பது ஒன்றுதான்: "ஐயா, டிகிரி எத்தனை வருஷம்னு போடுறது?" அவர்களுக்குச் சொல்வதை இங்கே வரிசையாக எழுதிவைக்கிறேன்.

1. படிப்புக்குப் பல்கலைக்கழகம் வைத்த காலம் எதுவோ, அதையே எழுதுங்கள். உத்தமபாளையம் ஹவுதியா கல்லூரியில் படித்து, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் வாங்கிய பி.காம். மூன்று வருஷப் பட்டம். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

2. நாலு என்று கூட்டி எழுதுவதால் லாபமும் இல்லை. பிஆருக்கான எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் தனியாக விண்ணப்பிப்பவருக்கு இளங்கலைப் பட்டத்துக்கு 120 புள்ளி. மூன்று வருஷப் பட்டமோ நாலு வருஷப் பட்டமோ, மதிப்பீட்டில் இளங்கலை என்று வந்துவிட்டால் அதே 120தான். தவறான தகவல் கொடுத்ததாகத் தீர்ப்பானால் 5 வருஷத்துக்கு அந்த நாட்டு வாசலை மிதிக்க முடியாது.

3. உங்கள் பட்டம் அங்கே எதற்குச் சமம் என்று நீங்களாகவே முடிவு கட்டாதீர்கள். வெஸ் போன்ற மதிப்பீட்டு அமைப்புகள் தரும் இ.சி.ஏ. (கல்வித்தகுதி மதிப்பீட்டு) அறிக்கையில் என்ன இருக்கிறதோ, விண்ணப்பத்தில் அதற்குரிய கட்டத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். எம்.எஸ்சி. முடித்திருந்தாலும் அறிக்கை வரும்வரை முதுகலைக்கான 135ஐ மனக்கணக்கில் சேர்க்க வேண்டாம். அறிக்கை 5 வருஷம் செல்லும். கடைசி விண்ணப்பம் போடும் நாளிலும் அது காலாவதியாகாமல் இருக்க வேண்டும்.

4. அரியர் வைத்தவர்கள்தான் அதிகம் குழம்புகிறார்கள். 110 நாள் நெல் ரகம், மழையில் அறுப்பு தள்ளிப்போனாலும் 110 நாள் ரகம்தான். அரியர் எழுதி ஐந்தாவது வருஷம் பட்டம் வாங்கினாலும் மூன்று வருஷப் படிப்பு ஐந்து வருஷப் படிப்பு ஆகாது. ஆனால் பட்டம் கிடைத்த தேதியைச் சான்றிதழில் உள்ளபடியே எழுதுங்கள். இடையில் கடையில் வேலை பார்த்தாலும் வீட்டில் சும்மா இருந்தாலும், சொந்த விவரப் பகுதியில் மாதவாரியாக அதைச் சொல்லிவிடுங்கள்.

5. பாலிடெக்னிக் முடித்து லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் வருஷம் சேர்ந்தவர்கள், கல்லூரியில் காலடி வைத்த மாதத்திலிருந்தே தேதி போடுங்கள். நாலு வருஷக் கணக்கு வரட்டுமென்று முன்தேதி போடக்கூடாது. டிப்ளமோவைத் தனி வரியில் எழுதி, அதன் மதிப்பெண் பட்டியலையும் மதிப்பீட்டுக்கு அனுப்பினால், முதல் வருஷம் எங்கே போயிற்று என்பது அவர்களுக்கே விளங்கும்.

6. பிளஸ் டூவைப் பட்டத்தோடு கூட்டாதீர்கள். பள்ளியில் எத்தனை வருஷம், கல்லூரியில் எத்தனை வருஷம் என்று தனித்தனியாகக் கேட்கும் படிவம் உண்டு. 12 பள்ளிக்கு, 3 கல்லூரிக்கு.

7. அண்ணனின் விண்ணப்பத்தைப் பார்த்து எழுதாதீர்கள். எம்.சி.ஏ. முன்பு மூன்று வருஷம். 2020-21 முதல் இரண்டு. பி.எட். ஒரு வருஷமாக இருந்து 2015இல் இரண்டானது. நீங்கள் சேர்ந்த வருஷத்து விதிதான் உங்களுக்கு.

8. அனுப்புமுன் டிரான்ஸ்கிரிப்ட், பட்டச் சான்றிதழ், இ.சி.ஏ., விண்ணப்பம் நான்கையும் பக்கத்தில் வைத்துத் தேதிகளை ஒப்பிடுங்கள். ஏஜென்ட் நிரப்பினாலும் தவறுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். அதனால் ஒவ்வொரு கட்டத்தையும் நீங்களே வாசித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.