வினைமுற்றை எண்ணினால் வாக்கியம் புரியும்
கொல்லிமலை வாழ்விலிருந்து ஆங்கில வாக்கிய வகைகள்

பத்தாம் வகுப்பு ஆங்கில வினாத்தாளில் வாக்கியத்தை வகை மாற்றி எழுதும் வினா இடம்பெறுகிறது. சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ் ஆகிய மூன்று வகைகளுக்கும் நாம் ஓர் அட்டவணை தருகிறோம். 'இன் ஸ்பைட் ஆஃப்' இருந்தால் 'ஆல்தோ'வாக மாற்று, 'ஆல்தோ' இருந்தால் 'பட்' போடு என்கிறோம். மாணவர்கள் மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் பெறுகிறார்கள். அதே மாணவரிடம் தம் ஊரைப் பற்றி ஐந்து வரி எழுதச் சொன்னால் துண்டு துண்டான வாக்கியங்களே வருகின்றன. ஒரு செய்தியை அதன் காரணத்தோடும் நிபந்தனையோடும் இணைத்துச் சொல்ல வராததே இங்கு இழப்பு. வீட்டில் ஆங்கிலம் கேட்க வாய்ப்பில்லாத மலைக்கிராமக் குழந்தைக்கு இந்தத் திறனைத் தரும் இடம் நம் வகுப்பறை மட்டுமே.

தமிழிலிருந்து தொடங்குவோம்

காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். மழைநாளில் பேருந்து வராத அனுபவம் மலைக்குழந்தைகளுக்குப் புதிதன்று. அந்தச் செய்தியைத் தமிழில் மூன்று விதமாகக் கரும்பலகையில் எழுதுவோம்.

1. மழையால் பேருந்து வரவில்லை.
2. மழை பெய்தது, ஆகவே பேருந்து வரவில்லை.
3. மழை பெய்ததால் பேருந்து வரவில்லை.

மூன்றும் ஒரே பொருள். முதலாவதில் காரணம் 'மழை' என்ற பெயர்ச்சொல்லாக இருக்கிறது. இரண்டாவதில் இரண்டு முழு வாக்கியங்கள் கைகோத்து நிற்கின்றன. மூன்றாவதில் ஒரு பகுதி மற்றொன்றைச் சார்ந்திருக்கிறது. 'மழை பெய்ததால்' என்று சொல்லி நிறுத்திப் பாருங்கள், "பெய்ததால் என்ன?" என்று குழந்தைகளே கேட்பார்கள். சார்பு வாக்கியம் என்றால் என்ன என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் தேவையில்லை.

இப்போது இவற்றுக்கு நேரான ஆங்கில வாக்கியங்களை எழுதுவோம்.

சிம்பிள்: 'பிகாஸ் ஆஃப் தி ரெயின், தி பஸ் டிட் நாட் கம்.'
காம்பவுண்ட்: 'இட் ரெயின்ட், ஸோ தி பஸ் டிட் நாட் கம்.'
காம்ப்ளெக்ஸ்: 'பிகாஸ் இட் ரெயின்ட், தி பஸ் டிட் நாட் கம்.'

வினைமுற்றுகளின் கீழ் கோடிடச் செய்வோம். 'டிட் நாட் கம்' முழுவதும் ஒரே வினை என்பதை முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். சிம்பிளில் ஒன்று, மற்ற இரண்டிலும் இரண்டிரண்டு. இரண்டு இருந்தால் இணைப்புச் சொல்லைப் பார்க்க வேண்டும். அண்ட், பட், ஆர், ஸோ என்றால் காம்பவுண்ட். பிகாஸ், ஆல்தோ, வென், இஃப் என்றால் காம்ப்ளெக்ஸ்.

தடுமாறும் இடங்கள்

முதலாவது: தமிழின் மூன்றாம் வாக்கியத்தில் வினைமுற்று ஒன்றுதான், 'பெய்ததால்' முற்று அன்று. ஆங்கிலத்திலோ 'பிகாஸ்' பகுதியிலும் முழு வினை வேண்டும். அதனால்தான் மாணவர்கள் 'பிகாஸ் ரெயினிங்' என்று பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவது: 'மழையால்', 'பெய்ததால்' இரண்டிலும் வருவது ஒரே 'ஆல்'. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன் 'பிகாஸ் ஆஃப்'. எழுவாயும் வினையும் வந்தால் 'பிகாஸ்'. 'பிகாஸ் ஆஃப் இட் ரெயின்ட்' என்ற பிழை பிறப்பது இங்கேதான்.

மூன்றாவது: 'ஆல்தோ'வுடன் 'பட்', 'பிகாஸ்'உடன் 'ஸோ' எனச் சேர்த்து எழுதுவது. இதற்கு விதி சொல்வதைவிட, 'மழை பெய்ததால், ஆகவே பேருந்து வரவில்லை' என்று தமிழில் சொல்லிக் காட்டலாம். குழந்தைகள் சிரிப்பார்கள். ஒரு இணைப்புக்கு ஒரு சொல் போதும் என்பது மனத்தில் நின்றுவிடும்.

வகுப்பறைச் செயல்பாடு

மாணவர்களை நால்வர் கொண்ட குழுக்களாக்கி, ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு செய்தித் துண்டுச்சீட்டுகள் கொடுப்போம். மழை பெய்தது, சோளக்காட்டுச் சந்தை கூடியது. படிகள் ஆயிரத்துக்கு மேல், ஆகாய கங்கை அருவிக்கு மக்கள் இறங்குகிறார்கள். குழு முதலில் தமிழில் மூன்று விதமாகச் சொல்ல வேண்டும். பிறகு ஆங்கிலத்தில் எழுத வேண்டும். சந்தைச் செய்திக்கு 'இன் ஸ்பைட் ஆஃப் தி ரெயின்', 'பட்', 'ஆல்தோ இட் ரெயின்ட்' என மூன்றும் வரும்.

அடுத்த நிலையில் பலாப்பழத்தை எடுக்கலாம். 'தி ஜாக்ஃப்ரூட் இஸ் டூ ஹெவி ஃபார் மீ டு லிஃப்ட்' என்பது சிம்பிள். 'வெரி ஹெவி, ஸோ ஐ கேனாட் லிஃப்ட் இட்' என்று முடித்தால் காம்பவுண்ட். 'ஸோ ஹெவி தட் ஐ கேனாட் லிஃப்ட் இட்' என்றால் காம்ப்ளெக்ஸ். இரண்டிலும் 'ஸோ' வருகிறது. 'தட்' சேரும்போது அதன் வேலை மாறிவிடுகிறது. இதை மாணவர்களே கண்டுபிடிக்கும்படி விடுவது நல்லது.

தொடக்கத்தில் இரு பகுதிகளுக்கும் வெவ்வேறு எழுவாய் உள்ள வாக்கியங்களையே தர வேண்டும். ஒரே எழுவாய்க்கு இரு வினைகள் வருவனவற்றைப் பின்னர் அறிமுகப்படுத்தலாம்.

வகுப்புக்கேற்ற படிநிலை

தொடக்க வகுப்புகளில் 'அண்ட்', 'பட்' போதும். வகைகளின் பெயர்கள் தேவையில்லை. ஆறு முதல் எட்டு வரை 'பிகாஸ்', 'வென்', 'இஃப்' வாக்கியங்களைப் பேச்சிலும் எழுத்திலும் பழக்கலாம். ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் வகை மாற்றத்தைக் கொண்டுவரலாம். அட்டவணையை அப்போது மாணவர்களே தொகுக்கட்டும்.

மதிப்பீடு

வகை மாற்றத்தோடு மதிப்பீட்டை நிறுத்திவிட வேண்டாம். ஒரு பொருளைக் கொடுத்து, மூன்று வகை வாக்கியங்களும் வருமாறு ஆறு வரி எழுதச் செய்வோம். கொல்லிமலையில் சாமை பயிரிட்ட நிலங்கள் பலவற்றில் மரவள்ளி வந்தது ஏன் என்பது நல்ல பொருள். சாமைக்குக் குறைந்த நீர் போதும். ஆனால் உரலில் குத்தி எடுப்பது கடினம். மரவள்ளியை விற்றால் பணம் கிடைக்கும். மாணவர்கள் பாட்டியிடம் கேட்டு வந்து எழுதட்டும். 'பிகாஸ்', 'ஆல்தோ', 'இஃப்' எல்லாம் தாமாகவே தேவைப்படும். சொல்ல வேண்டிய செய்தி இருக்கும்போதுதான் இணைப்புச் சொல்லுக்கு வேலை வருகிறது.