குழந்தைப் பாதுகாப்பு ஆய்வும் இரகசிய உறுதியும்

மைசூரை அடுத்த ஸ்ரீரங்கப்பட்டணத்தில், பள்ளி மாணவர்களின் கைபேசிப் பழக்கம் குறித்துச் சமூகக் கொள்கை ஆய்வாளர் ஒருவர் தகவல் திரட்டுவதாகக் கொள்வோம். உறவினர் ஒருவர் தன் ஆபாசப் படத்தை வைத்துக்கொண்டு மிரட்டுவதாக ஒரு சிறுமி கூறுகிறாள். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் வேண்டுகிறாள். இரகசியம் காப்பதாக ஆய்வாளர் முன்னரே உறுதி அளித்துவிட்டார். அவர் செய்ய வேண்டியது யாது?

சட்டத்தில் ஐயத்துக்கு இடமில்லை. போக்சோ எனப்படும் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். ஆய்வாளருக்கு விலக்கு இல்லை. தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். அந்தப் படத்தைச் சான்றுக்கெனத் தம் கைபேசியில் ஏற்றிக்கொள்வதும் தகாது. இத்தகைய பதிவுகளைத் தனிமையில் பதிவிறக்கிப் பார்ப்பது குற்றமாகாது என்ற சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ரத்து செய்துவிட்டது.

இச்சட்டம் வருமுன், 2007இல், மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் ஓர் ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் விசாரித்ததில், 53.22 சதவிகிதத்தினர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகக் கூறினர். கொடுமை இழைத்தோரில் பாதிப்பேர் குழந்தைக்கு அறிமுகமானவர்கள். புகார் வீட்டு வாசலுக்கே வரும் என்று தெரிந்தால் குழந்தை வாய் திறக்கத் தயங்குவது இயல்பே.

இதனால் சிலர் அந்த வினாவையே தவிர்க்க முற்படலாம். வசதியான வழிதான், ஆனால் கேளாத வினாவுக்குப் புள்ளிவிவரம் இல்லை, புள்ளிவிவரம் இல்லாத இனத்துக்கு நிதி ஒதுக்கீடு கிடைப்பதும் அரிது. பெயரற்ற வினாத்தாள் எண்ணிக்கையைத் தரும். பாதிக்கப்பட்ட குழந்தை யார் என்பதைக் காட்டாது.

உறுதிமொழியையே திருத்துவதுதான் நேர்மையானது. எதை இரகசியமாக வைக்க இயலும், எதை இயலாது என்பதை முதல் வினாவுக்கு முன்பே குழந்தைக்குப் புரியும் மொழியில் சொல்லிவிட வேண்டும். மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுடன் முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும். மைசூரில் தங்கிப் பணியாற்றுபவர் இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஸ்ரீரங்கப்பட்டணம் மண்டியா மாவட்டத்தைச் சேர்ந்தது. அணுக வேண்டிய குழுவும் அம்மாவட்டத்தினதே. 1098 என்ற உதவி எண் எங்கும் ஒன்றே.

எச்சரிக்கையைக் கேட்டபின் எத்தனை குழந்தைகள் விலகினர் என்பதையும் அறிக்கையில் காட்ட வேண்டும். அதைக் காட்டாத சதவிகிதத்தை 2007ஆம் ஆண்டின் எண்ணுடன் ஒப்பிட்டு, கொடுமை குறைந்துவிட்டதாக முடிவு கட்ட இயலாது.