சாயத்துக்கு முன்னால் கூரையைத் தட்டிப் பார்

அன்புள்ள தம்பி,

பூன் லேயில் ஒரு மூவறை வீட்டை அலங்கரிக்கும் வேலை கிடைத்திருக்கிறது, வீட்டுக்கார அம்மாவிடம் மூவாயிரம் வெள்ளிதான் இருக்கிறது, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறாய். நீ அனுப்பிய படங்களையும் பார்த்தேன். சோபா, வண்ண அட்டை, பொய்க்கூரைக்குள் ஒளிந்திருக்கும் விளக்கு எல்லாம் அழகுதான். வீடு எந்த ஆண்டில் கட்டியது என்று மட்டும் ஒரு வரி இல்லை. தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். அதனால் உனக்கு எழுதுவதைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

பூன் லேயின் பழைய புளோக்குகளில் பல எழுபதுகளைச் சேர்ந்தவை. ஜூரோங் ஆலைகளில் வேலை செய்தவர்கள் அருகிலேயே குடியிருக்கட்டும் என்று ஜூரோங் நகரக் கழகம் (ஜேடிசி) எழுப்பிய குடியிருப்புகள் 1982-இல்தான் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) கைக்கு வந்தன. அரை நூற்றாண்டை நெருங்கும், சில சமயம் தாண்டிவிட்ட கட்டடத்தில் கை வைக்கிறாய் என்பது நினைவில் இருக்கட்டும்.

வண்ண அட்டையை உள்ளே வை. ஏணி போட்டு ஏறி, கழிவறைக் கூரையையும் சமையலறைக் கூரையையும் விரல் கணுவால் தட்டிப் பார். உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் சத்தம் கேட்டாலோ, பழுப்புக் கறையோ புடைப்போ தெரிந்தாலோ, கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்திருக்கலாம். ஆண்டுகள் போகப் போகக் காற்றிலுள்ள கரியமில வாயு கான்கிரீட்டின் காரத்தன்மையைத் தின்றுவிடும். அந்தக் காரம்தான் கம்பிக்குக் காவல். காவல் போனதும் கம்பி துருவேறிப் பருத்து, மேலிருக்கும் கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளும். அதன்மேல் எவ்வளவு விலையுள்ள சாயம் அடித்தாலும் நிற்காது.

இதைச் சரிசெய்வது வீட்டுக்காரர் பொறுப்பு. ஆனால் எச்ஐபி என்று எல்லாரும் சொல்லும் வீட்டு மேம்பாட்டுத் திட்டம் 2007-இல் வந்தது. இப்போது 1997 வரை கட்டிய வீடுகளுக்கும் அது பொருந்தும். அதில் கான்கிரீட் பெயர்வைச் சரிசெய்யும் செலவைச் சிங்கப்பூர்க் குடிமக்களுக்காக அரசாங்கமே முழுக்க ஏற்கிறது. அந்தப் புளோக்குக்குத் திட்டம் வந்துபோயிற்றா, இனிமேல்தானா என்று முதலில் விசாரி. இனிமேல்தான் என்றால் அந்த வேலை முடியும்வரை கழிவறையில் ஒரு காசு போடாதே.

கூரையில் ஈரம் தெரிந்தால் மேல்வீட்டுக் கழிவறையிலிருந்து கசிவு இருக்கலாம். அதற்கும் சாயம் மருந்தாகாது. வீவகவின் நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்தில் பாதிச் செலவைக் கழகம் ஏற்கும். மேல்வீடும் கீழ்வீடும் ஆளுக்குக் கால் பங்கு கொடுத்தால் போதும். அடுத்து மின்பெட்டியைத் திற. 1985 ஜூலைக்கு முன் கட்டிய வீடுகளில் ஆர்சிசிபி எனும் மின்கசிவுத் துண்டிப்பான் இல்லாமலே இருந்திருக்கலாம். 2025 ஜூலை 1 முதல் எல்லா வீட்டிலும் அது கட்டாயம். உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கூப்பிடு, நீயே திருகாதே.

இதுவரை சொன்ன எதிலும் உனக்குக் கூலி இல்லை. இன்னும் கொஞ்சம் கூலியில்லாத வேலை இருக்கிறது. அந்த அம்மாவுக்கு வயது 65 ஆகியிருந்தால், கழிவறைக் கைப்பிடியும் வழுக்காத தரைப்பூச்சும் முதியோருக்கான 'ஈஸ்' திட்டத்தில் கிடைக்கும். வீட்டின் அளவைப் பொறுத்து நூற்றுக்கு 5 முதல் 12.5 வெள்ளிதான் அவர் பங்கு. 2024 ஏப்ரல் முதல் வீவக குடும்பங்களுக்குப் பருவநிலைப் பற்றுச்சீட்டு தருகிறார்கள். எல்இடி விளக்கு, சிக்கன மின்விசிறி, தண்ணீர்க் குழாய், ஷவர் ஆகியவற்றை அதில் வாங்கலாம். இவற்றையெல்லாம் தங்கள் விலைப்பட்டியலில் ஏற்றிக் காசாக்குகிற ஆட்கள் இந்தத் தொழிலில் உண்டு. நீ அந்த வரிசையில் சேர வேண்டாம். மூவாயிரம் வெள்ளி வைத்திருப்பவரிடம் முந்நூறு வெள்ளி மிச்சப்படுத்திக் கொடுத்தால், அவர் அதே புளோக்கில் இன்னும் நாலு வீட்டுக்கு உன் பெயரைச் சொல்வார்.

இனி அலங்காரத்துக்கு வருகிறேன். சின்னக் காசில் செய்யும்போது வாங்குவதைவிட விலக்குவதுதான் அதிக மாற்றம் தரும். நகர மன்றங்கள் மாதந்தோறும் சில பெரிய பொருள்களை இலவசமாக எடுத்துப் போகின்றன. எது போக வேண்டும் என்பதை அந்த அம்மா முடிவு செய்யட்டும். கண்ணாடி அலமாரியில் இருக்கும் எவர்சில்வர் பாத்திரங்கள் உன் கண்ணுக்குக் குப்பையாகத் தெரியலாம். அவருக்கு அவை கல்யாணச் சீர்.

அடுத்தது வெளிச்சம். பழைய வீடுகளில் கூடத்தின் நடுவில் 6500 கெல்வின் வெள்ளைக் குழல்விளக்கு ஒன்றுதான் எரியும். அந்த ஒளியில் யார் முகமும் சோகையாகத் தெரியும். கூடத்துக்கு 3000 கெல்வினில் இரண்டு மூன்று விளக்குகளை வெவ்வேறு உயரத்தில் வை. சமையலறைக்கு 4000 போதும். இதற்கு ஆகும் செலவு ஒரு சோபா உறைக்குக்கூடக் காணாது. பொய்க்கூரையை மறந்துவிடு. தரையிலிருந்து கூரைக்கு 2.6 மீட்டர்தான் இருக்கிற வீட்டில் அது காசையும் உயரத்தையும் சேர்த்தே விழுங்கும்.

திரைச்சீலையில் கஞ்சத்தனம் வேண்டாம். துவாஸிலும் ஜூரோங்கிலும் ஷிப்டு வேலை பார்ப்பவர்கள் இந்த வட்டாரத்தில் இன்றும் நிறைய. பகலில் தூங்குகிறவர் வீட்டில் ஒளி புகாத உள்துணிதான் அலங்காரம். துணிக்குத் தேக்காவிலும் அராப் ஸ்திரீட்டிலும் ஏறி இறங்கு. சின்ன மரச்சாமானுக்குக் கரோசல் இணையச் சந்தையில் பழையதைத் தேடு. புதிதுதான் வேண்டுமென்றால் 2021-இல் திறந்த ஐக்கியா கடை மூன்று ரயில் நிறுத்தம் தள்ளி ஜூரோங் ஈஸ்ட்டில் இருக்கிறது.

நீ அனுப்பிய படத்தில் சாமி மேடையைக் காணோம். தொலைக்காட்சி இருக்கிறது, அலங்காரச் செடி இருக்கிறது, சாமியை மட்டும் பண்டக அறைக்கு அனுப்பிவிட்டாய் போலிருக்கிறது. நம்மவர் வீட்டில் எனக்கு இது அறவே பிடிக்காத பழக்கம். மேடைக்கு இடம் குறித்துவிட்டு மற்றதை அதைச் சுற்றி அமை. விளக்குப் புகையும் சாம்பிராணியும் கூரையைக் கறுக்கச் செய்யும். ஆகவே அந்த மூலைக்கும் சமையலறைக்கும் கழுவக்கூடிய சாயமாகப் பார்த்து வாங்கு. தாளிப்பு எண்ணெய் படிந்த சுவரைச் சலவைச் சோடா கரைத்த வெந்நீரால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, அடிப்பூச்சு கொடுத்த பிறகே சாயம். இந்த ஊர்க் காற்றின் ஈரத்துக்கு ஒரு நாள் காயவிடுவது பெரும்பாலும் போதாது. முழு வெள்ளைச் சுவர், வெளிர் மரம் என்று இப்போது ஓடுகிற பாணி மீன்குழம்பு கொதிக்காத வீடுகளுக்குச் சரி.

வாசலில் தோரணத்துக்கு இரண்டு கொக்கி, ஒரு செருப்பு அலமாரி போதும். தாழ்வாரத்தில் எதை வைத்தாலும் 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும், தீயணைப்புத் துறை விதி. பூந்தொட்டிக்கு அடியில் தண்ணீர் நிற்கும் தட்டு வைக்காதே. டெங்கிக் கொசு வளர்த்த பெயர் அந்த அம்மாவுக்கு வரும்.

நேரம் கிடைத்தால் தேசிய நூலகத்தில் 'அவர் ஹோம்' (Our Home) இதழ்களைத் தேடிப் படி. 1972 முதல் 1989 வரை வீவக வெளியிட்டது. அடுக்குமாடிக்குப் புதிதாகக் குடிவந்த சாதாரணக் குடும்பங்கள் தங்கள் வீடுகளை எப்படி அலங்கரித்தன என்பதற்கு அதைவிட நல்ல பாடநூல் எனக்குத் தெரியாது. இன்றைய பளபளப்பான பட்டியல்கள் உனக்கு ஒரு பாணியைத்தான் காட்டும்; அந்த இதழ்களில் குடியிருக்கிற ஆட்களே தெரிவார்கள்.

சுவரை உடைப்பது, தரை ஓடு மாற்றுவது, சன்னல் மாற்றுவது என்று பேச்சு வந்தால் வீவக அனுமதி தேவையா என்று கேட்காமல் சுத்தியலைத் தூக்காதே. சத்தம் போடும் வேலை வார நாளில் காலை 9 முதல் மாலை 5 வரைதான். சனி, ஞாயிறு, பொது விடுமுறையில் கிடையாது. ஒப்பந்தத்தை எழுத்தில் போடு, முன்பணம் குறைவாக வாங்கு.

அந்த அம்மா தீபாவளிக்குள் முடித்துத் தரச் சொல்லியிருந்தால் ஆகஸ்ட்டிலேயே சாயம் அடிப்பவரைப் பேசி வை. செப்டம்பருக்குப் பிறகு நல்ல ஆள் கிடைப்பது கடினம்.

அன்புடன்,
உன் அக்கா