விருந்தாளிக்கு பிரிண்டர் மட்டும்

பரளச்சி, திருச்சுழிப் பக்கம் பைபர் லைன் இழுத்து ரவுட்டர் வைத்துக் கொடுக்கும் வேலையில் புதிதாக இறங்கியிருக்கும் தம்பிகளுக்கு.

உளுந்துக்கும் மக்காச்சோளத்துக்கும் பயிர்க் காப்பீடு பதியும் நாட்களில், பிரிண்டர் இருக்கும் வீட்டைத் தேடி சொந்தபந்தம் வந்துவிடும். போனில் சிட்டாவை இறக்கிப் பிரிண்ட் எடுக்க வேண்டும். வீட்டுக்காரரும் தயங்காமல் வைஃபை பாஸ்வேர்டைச் சொல்வார். அந்த ஒரே பாஸ்வேர்டில் கேமரா டிவிஆரும், கம்ப்யூட்டரில் பகிர்ந்திருக்கும் போல்டரும் வந்தவர் போனுக்கு எட்டிவிடும். வந்தவர் நல்லவர்தான், அவர் போனில் என்ன ஆப் ஓடுகிறதென்று அவருக்கே தெரியாது.

1. கெஸ்ட் நெட்வொர்க்கைத் தனியாகப் போடு. பெயரும் பாஸ்வேர்டும் வேறாக இருக்கட்டும்.

2. போட்டதும் பிரிண்டர் கெஸ்டுக்குத் தெரியாது. உடனே, கெஸ்ட் வீட்டு நெட்வொர்க்கைப் பார்க்கலாம் என்ற கட்டத்தில் டிக் அடித்துவிடாதே. கெஸ்ட் போட்டதே வீணாகிவிடும்.

3. பிரிண்டரின் மேக் முகவரியைக் குறித்து, ரவுட்டரில் அதற்கு நிலையான ஐபி ஒதுக்கு; 192.168.1.50 என்று வைத்துக்கொள். ஒதுக்காவிட்டால், கரண்ட் போய் வந்த பிறகு அந்த எண் வேறு சாதனத்துக்குப் போய்விடலாம். நீ கொடுத்த அனுமதியும் அதனோடு போகும்.

4. இதுதான் முக்கியமான இடம், நிதானமாகச் செய். கெஸ்டுக்கு 192.168.2 வரிசையில் முகவரி கொடுத்திருக்கிறாய் என்றால், பயர்வாலில் முதல் விதி: கெஸ்டிலிருந்து 192.168.1.50க்கு டிசிபி 631, 9100 போர்ட்டுகள் மட்டும் அனுமதி. அடுத்த விதி: கெஸ்டிலிருந்து 192.168.1 வரிசை முழுவதற்கும் தடை. பயர்வால் மேலிருந்து கீழே படிக்கும். பொருந்துகிற முதல் விதியோடு நின்றுவிடும். தடையை மேலே எழுதினால் பிரிண்டரும் அடைபடும். ரவுட்டரின் செட்டிங் பக்கத்தையும் கெஸ்டுக்கு மூடு. டிஎன்எஸ், டிஹெச்சிபி இரண்டை மட்டும் விட்டுவை.

5. விதி சரியாக இருந்தும் போனில் பிரிண்டர் பெயர் வராது. பிரிண்டர் தன்னை அறிவிக்கும் எம்டிஎன்எஸ் செய்தி 224.0.0.251க்குப் போகிறது, அது ஒரு நெட்வொர்க்கை விட்டு மற்றொன்றுக்குத் தாண்டாது. ஆண்ட்ராய்டில் பிரிண்ட் செட்டிங்கில் ஐபியைத் தட்டிச் சேர்க்கலாம். ஐபோன் வருகிற வீடென்றால், ஓபன்டபிள்யூஆர்டி ரவுட்டரில் அவாஹி என்ற மென்பொருளைப் போட்டு, கெஸ்டிலிருந்து ரவுட்டருக்கு எம்டிஎன்எஸ் வருவதையும் அனுமதித்து, அந்தச் செய்தியைக் கடத்திவிடு.

6. கம்பெனி கொடுக்கும் ரவுட்டர் பலவற்றில் இப்படி விதி எழுத வசதி இருக்காது. அங்கே பிரிண்டரின் வைஃபை டைரக்டைப் பயன்படுத்து. போன் நேராகப் பிரிண்டரோடு பேசும், ரவுட்டர் பக்கமே போகாது. செலவில்லாத வழி, சின்ன வீட்டுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

7. பிரிண்டருக்கும் அட்மின் பாஸ்வேர்டு உண்டு, மாற்று. வெளியிலிருந்து பிரிண்ட் எடுக்கலாமே என்று ரவுட்டரில் போர்ட் திறந்துவிடாதே. 2018 நவம்பர் கடைசியில், இப்படி 9100 திறந்து கிடந்த பிரிண்டர்களில் ஒரு யூடியூபருக்கு ஆதரவு கேட்டுத் தாள்கள் தாமாகவே அடித்து விழுந்தன. அனுப்பியவர் சொன்ன கணக்கு 50,000 பிரிண்டர்கள்.

8. சோதிக்காமல் படியிறங்காதே. வீட்டுக்காரர் போனையே கெஸ்டில் சேர்த்து ஒரு சிட்டாவைப் பிரிண்ட் எடுக்கச் சொல். பிறகு அதே போனில் டிவிஆர் முகவரியையும் ரவுட்டர் முகவரியையும் தட்டிப் பார்க்கச் சொல். இரண்டும் திறக்கக் கூடாது. காப்பீட்டுப் பதிவு முடிந்ததும் கெஸ்ட் பாஸ்வேர்டை மாற்றுவது எப்படி என்று அவருக்கே காட்டிக் கொடுத்துவிட்டு வா.