மோட்டார் இஞ்சினின் ஹெட் கேஸ்கட்: பழுதை அறிதலும் நீக்குதலும்

நெடுங்காலம் உழைத்த மோட்டார் கார் ஒன்று மேட்டில் ஏறும்போது வலுக் குன்றுகிறது. ரேடியேட்டரிலுள்ள நீர் கொதித்துப் பொங்குகிறது. மறுநாள் காலையில் நீர் குறைந்து காணப்படுகிறது. ஆனால் தரையில் ஒரு சொட்டுக்கூட ஒழுகியிருக்கவில்லை. இக்குறிகள் ஒருங்கே தோன்றினால் “ஹெட் கேஸ்கட் போய்விட்டது” என்று மெக்கானிக் கூறுவது வழக்கம். அவர் கூற்று பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆயினும், இஞ்சினைப் பிரிப்பதற்கு முன்பே அதை உறுதி செய்துகொள்வது எவ்வாறு? புதிய கேஸ்கட்டும் சில வாரங்களில் பழுதாகாமல் காப்பது எவ்வாறு? இவ்விரு வினாக்களையும் இங்கு ஆராய்வோம்.

உதாரணத்துக்கு ஹிந்துஸ்தான் அம்பாசிடர் காரை எடுத்துக்கொள்வோம். 1950-களின் இறுதியில் மேற்கு வங்காளத்திலுள்ள உத்தரபாராவில் உற்பத்தி தொடங்கிய இக்காரின் தயாரிப்பு 2014-ஆம் ஆண்டில் நின்றுபோயிற்று. இக்கார்களில் நெடுங்காலம் பொருத்தப்பட்ட 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் இஞ்சினில் நான்கு சிலிண்டர்கள் உண்டு. அதன் பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பால் ஆனவை. அமைப்பு எளிது, ஆதலால் இப்பாடத்துக்கு மிகவும் ஏற்றது.

கேஸ்கட்டின் பணி

பிளாக்குக்கும் அதன்மேல் அமரும் ஹெட்டுக்கும் இடையே வைக்கப்படும் மெல்லிய தகடே ஹெட் கேஸ்கட். இத்தகடு ஒரே சமயத்தில் மூன்று பொருள்களைப் பிரித்து வைக்கிறது. சிலிண்டருக்குள் எரியும் வாயு ஒன்று. அதன் உஷ்ணம் 2000 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேற்படும். சிலிண்டரைச் சுற்றி ஓடும் குளிர்விக்கும் நீர் மற்றொன்று. ராக்கர்களுக்கு ஏறிச் செல்லும் எண்ணெய் மூன்றாவது. தகட்டில் எவ்விடத்தில் பிளவு ஏற்படுகிறதோ, அதற்கேற்பக் குறிகள் வேறுபடும். இரண்டு சிலிண்டர்களுக்கு இடையே பிளந்தால் வலு மட்டும் குறையும், நீர் குறையாது. சிலிண்டருக்கும் நீர் வழிக்கும் இடையே பிளந்தால் வாயு நீருக்குள் புகும். இஞ்சின் நின்றபின் நீர் சிலிண்டருக்குள் கசியும். நீர் எண்ணெயுடன் கலந்தால் தீங்கு மிகப் பெரிது. நீர் கலந்த எண்ணெய் கிராங்க் ஷாஃப்ட்டின் பேரிங்குகளைக் காக்கவல்லதன்று. குறைந்த விலையுள்ள தகட்டை மாற்றாமல் ஓட்டினால் இஞ்சின் முழுவதையுமே இழக்க நேரிடலாம்.

பழுதை அறிதல்

முதலில் ஓர் எச்சரிக்கை. இஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கலாகாது. அழுத்தத்தில் அடங்கியிருக்கும் நீர், மூடி அகன்றவுடன் ஆவியாகப் பீறிட்டுக் கடும் தீப்புண்ணை உண்டாக்கும். சோதனைகளை வெளியிடத்தில் செய்க; மூடிய கொட்டகையில் இஞ்சினை ஓடவிட்டால் புகையிலுள்ள நச்சு வாயு உயிரைப் போக்கும்.

முதல் சோதனை, கண்ணால் காண்பது. எண்ணெய் அளவுக்கோலை எடுத்துப் பாருங்கள். எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் நீர் கலந்துள்ளது. ஆனால் எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் சிறிது வெண்ணிறப் படிவு இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. குறுகிய தூரமே ஓடும் வண்டிகளில் காற்றின் ஈரம் அங்கே படிவதுண்டு.

இரண்டாவது, குமிழிச் சோதனை. இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஃபேன் பெல்ட்டைக் கழற்றி, பம்பு சுழலாதபடி செய்க. ரேடியேட்டரை விளிம்புவரை நிரப்பி, இஞ்சினைச் சிறிது நேரம் மட்டும் ஓட்டுக. இடைவிடாமல் குமிழிகள் எழுந்தால் எரிந்த வாயு நீரினுள் புகுகிறது என்று கொள்ளலாம். இதை ரசாயன முறையிலும் உறுதி செய்யலாம். எரிந்த வாயுவில் கரியமில வாயு மிகுதி. நீரின் மேலே சேரும் வாயுவை ரப்பர்க் குமிழால் உறிஞ்சித் தெளிந்த சுண்ணாம்பு நீரினுள் செலுத்தினால், அந்நீர் பால்போலக் கலங்கும். பட்டறைகளில் பயன்படும் நீல நிறத் திரவம் மஞ்சளாக மாறுவதும் கரியமில வாயுவினாலேயே.

மூன்றாவது, அழுத்தச் சோதனை. இஞ்சினைச் சூடாக்கி நிறுத்தி, எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, காயிலின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். ஆக்ஸிலேட்டரை முழுவதும் அழுத்தியபடி, ஒவ்வொரு சிலிண்டராகக் கம்ப்ரெஷன் கேஜை வைத்து ஸ்டார்ட்டரால் சுழற்றுக. முதல் சிலிண்டரில் 130, இரண்டாவதில் 70, மூன்றாவதில் 65, நான்காவதில் 125 ராத்தல் என அழுத்தம் காட்டுவதாகக் கொள்வோம். அடுத்தடுத்த இரண்டு மட்டும் தாழ்ந்திருப்பதால், அவற்றின் இடையே கேஸ்கட் பிளந்திருப்பது பெரும்பாலும் உறுதி. ஒரே ஒரு சிலிண்டர் தாழ்ந்திருந்தால், அதில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அழுத்தம் உயர்ந்தால் குறை பிஸ்டன் ரிங்கில் உள்ளது. உயராவிட்டால் வால்வையோ கேஸ்கட்டையோ ஐயுறலாம்.

பிரித்தல்

இஞ்சின் முற்றிலும் ஆறிய பிறகே தொடங்க வேண்டும். பேட்டரி இணைப்பை நீக்கி, ரேடியேட்டரிலும் பிளாக்கிலும் உள்ள நீரை வடித்துவிடுக. இந்த இஞ்சினில் ராக்கர் தாங்கிகளைப் பிடிக்கும் நட்டுகளில் சில, ஹெட்டையும் சேர்த்துப் பிடிப்பவை. ஆதலால் எல்லா நட்டுகளையும் முறையே சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். ஒரு பக்கத்தை முழுவதும் கழற்றினால் ஹெட் வளைந்துவிடலாம். புஷ் ராடுகளை அட்டையில் துளையிட்டு வரிசை மாறாமல் செருகி வைக்கவும். ஹெட் எளிதில் எழாவிட்டால் மரச் சுத்தியால் பக்கங்களில் மெல்லத் தட்டலாம். இடையே ஸ்க்ரூடிரைவரைச் செருகி நெம்புவது பரப்பைக் கெடுக்கும்.

பழைய கேஸ்கட்டுகள் பல, செம்புத் தகடுகளின் நடுவே ஆஸ்பெஸ்டாஸ் வைத்துச் செய்யப்பட்டவை. அதன் தூசி நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கவல்லது. ஒட்டியிருப்பதை உலர்ந்த நிலையில் சுரண்டுவதும் காற்றடித்து ஊதுவதும் கூடாது. நன்கு நனைத்து மென்மையாக அகற்றுக.

காரணத்தைத் தேடுதல்

இப்பாடத்தின் தலையாய பகுதி இதுவே. கேஸ்கட் தானாகவே பழுதாவது அரிது. பெரும்பாலும் அது வேறொரு குறையின் விளைவு. அக்குறையை அப்படியே விட்டுப் புதிய தகட்டைப் பொருத்தினால், அதுவும் பழைய தகட்டின் கதியையே அடையும்.

ஹெட்டின் அடிப்பரப்பில் நேர்விளிம்புச் சட்டத்தை நீளவாட்டிலும் மூலைக்கு மூலையும் வைத்து, ஃபீலர் கேஜால் இடைவெளியை அளக்கவும். அது ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டரைத் தாண்டினால் ஹெட்டைப் பட்டறையில் சமன் செய்ய வேண்டும். பிளாக்கின் மேற்பரப்பையும் அவ்வாறே சோதிக்கவும். வால்வுகளின் இடையே வெடிப்பு உண்டா என்றும் பார்க்க வேண்டும். அலுமினிய ஹெட் உள்ள கார்களில் கவனம் இன்னும் அதிகம் தேவை. அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இருமடங்கு விரிவதால் அது எளிதில் வளையும்.

அடுத்து, இஞ்சின் ஏன் மிகையாகச் சூடேறியது என்று ஆராய்க. உப்பு நீரால் ரேடியேட்டர் குழாய்கள் அடைபட்டிருக்கலாம். தெர்மோஸ்டாட் திறவாமல் இருக்கலாம். ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கலாம். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைத் தாங்காமல் இருக்கலாம். இக்னிஷன் நேரம் தவறியிருக்கலாம்.

பொருத்துதல்

இரு பரப்புகளும் எண்ணெய்ப் பசையின்றித் தூயனவாக இருக்க வேண்டும். கேஸ்கட்டில் மேற்புறத்தையும் முன்புறத்தையும் காட்டும் குறிகள் இருந்தால் அவற்றின்படியே வைக்கவும். நட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி இருபுறமும் மாறி மாறி, டார்க் ஸ்பானரால் பல தவணைகளில் இறுக்குக. இறுக்க வேண்டிய அளவைக் கைப்பழக்கத்தால் ஊகிக்காமல், கையேட்டின்படி கொள்க. பின்னர் வால்வு இடைவெளியைச் சரிசெய்து, எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றி, நீரை நிரப்புக. இஞ்சினைச் சூடாகும்வரை ஓட்டி, முற்றிலும் ஆறவிட்டு, நட்டுகளை மீண்டும் சோதித்து, வால்வு இடைவெளியையும் மறுபடி பார்க்கவும். மறுமுறை இறுக்க வேண்டாத புதுவகைக் கேஸ்கட்டுகளும் உண்டு. அவற்றுக்குத் தயாரிப்பாளரின் குறிப்பே பிரமாணம்.

வழியில் இஞ்சின் கொதித்தால் உடனே நிறுத்தி ஆறவிடுவதே முறை. கொதிக்கும் இஞ்சினில் குளிர்ந்த நீரைக் கொட்டினால் வார்ப்பிரும்பு வெடிக்கக்கூடும். அரைமணி நேரம் பொறுத்திருப்பவர் ஓர் இஞ்சினையே காப்பாற்றிக்கொள்கிறார். பழைய டாக்சியின் வருவாயை நம்பி வாழும் குடும்பத்துக்கு அதுவே பெரிய சேமிப்பாகும்.