பொருந்தியும் பொருந்தா அட்டைகள்

ஒளியைப் படச்சுருளில் பதித்த காலம் மாறி, எண்களாக்கிச் சில்லில் சேமிக்கும் காலம் வந்துள்ளது. படமெடுக்கும் கருவி வேறு, படத்தைத் தாங்கும் பொருள் வேறு என்னும் நிலை இரண்டு காலத்திற்கும் பொது. எனினும், அளவு பொருந்திய படச்சுருள் கருவியோடு பிணங்கியதில்லை. நினைவக அட்டையோ சில கருவிகளுள் சரியாக நுழைந்தும் பேசாதிருந்துவிடுகிறது. அதன் காரணத்தை விளக்குகிறது இப்பாடம்.

சுருளிலிருந்து சில்லுக்கு

1934ஆம் ஆண்டு கோடாக் நிறுவனம் 35 மில்லிமீட்டர் அகலமுள்ள படச்சுருளை, வெளிச்சத்திலேயே கருவியில் ஏற்றத்தக்க சிறு குப்பியில் அடைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. அக்குப்பியின் அளவு இன்றும் மாறவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் செய்த படக்கருவியில் சென்ற மாதம் தயாரான சுருளை இட்டுப் படமெடுக்கலாம். அகலமும் ஓரத்துளைகளும் ஒத்திருந்தால் போதும். கருவி வினவுவதும் சுருள் விடையளிப்பதும் அங்கே இல்லை.

அதே கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய ஸ்டீவன் சாசன் என்னும் பொறியாளர், 1975ஆம் ஆண்டு முதல் எண்ணிமப் படக்கருவியை உருவாக்கினார். நீளத்தில் நூறும் அகலத்தில் நூறுமாகப் பத்தாயிரம் புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படத்தை அது எடுத்தது. அப்படத்தைச் சேமிக்கப் பாட்டுக் கேட்கப் பயன்படும் சாதாரண ஒலிநாடாவே பயன்பட்டது. ஒரு படத்தைப் பதிய 23 நொடிகள் பிடித்தன. நாடாவுக்கு மாற்றாக, மின்சாரம் நின்ற பின்னும் செய்தியை மறவாத சில்லு தேவைப்பட்டது. தோஷிபா நிறுவனத்தின் ஃபுஜியோ மசுவோகா 1980களில் கண்டறிந்த ஃபிளாஷ் நினைவகம் அத்தேவையை நிறைவேற்றியது. இன்றைய அட்டைகள் அனைத்தினுள்ளும் இருப்பது அச்சில்லின் வழித்தோன்றலே.

அட்டைகளின் போட்டி

சில்லு ஒன்றாயினும் அதைச் சுற்றிய உறை ஒன்றாக அமையவில்லை. 1994இல் சான்டிஸ்க் நிறுவனம் ஐம்பது துளைகள் கொண்ட காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டையை வெளியிட்டது. அடுத்த ஆண்டே தோஷிபா நிறுவனம் மெல்லிய ஸ்மார்ட் மீடியா அட்டையைக் கொண்டுவந்தது. 1997இல் மல்டி மீடியா அட்டையும், 1998இல் சோனியின் மெமரி ஸ்டிக்கும் வந்தன. பானசோனிக், சான்டிஸ்க், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்கள் இணைந்து 1999இல் எஸ்டி அட்டையை அறிவித்தன. இவ்வளவும் போதாதென்று 2002இல் ஒலிம்பஸும் ஃபியூஜிஃபிலிமும் எக்ஸ்டி என்னும் மற்றோர் அட்டையை உருவாக்கின. வாங்கிய கருவிக்கேற்ற அட்டையைத் தேடி அலையும் துன்பம் நிறுவனங்களுக்கு இல்லை. அது வாங்கியவர் தலையில் விழுந்தது.

வடிவ வேறுபாட்டால் வரும் சிக்கல் கண்ணுக்குத் தெரியும். 1.4 மில்லிமீட்டர் தடிமனுள்ள மல்டி மீடியா அட்டை எஸ்டி செருகுவாயில் நுழையும், 2.1 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஸ்டி அட்டை மல்டி மீடியா செருகுவாயில் நுழையாது. காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டையைக் கோணலாக அழுத்தினால் கருவிக்குள் இருக்கும் ஊசி வளையும். ஸ்மார்ட் மீடியாவில் 5 வோல்ட்டு, 3.3 வோல்ட்டு என இருவகை இருந்தமையால், அவற்றின் முனைகள் எதிரெதிர் மூலைகளில் வெட்டப்பட்டிருந்தன. கையில் எடுத்ததும் வேறுபாடு புலப்படும் என்பதால் இவற்றால் பெருந்தீங்கு நேர்வது அரிது.

கண்ணுக்குத் தெரியாத சிக்கல் அவ்வாறன்று. ஸ்மார்ட் மீடியா அட்டைக்குள் சில்லு மட்டுமே உண்டு; அதை ஆளும் கட்டுப்படுத்தி இல்லை. அப்பொறுப்பு முழுவதும் படக்கருவியைச் சேர்ந்தது. ஆதலால் கருவி செய்யப்பட்ட காலத்தில் இல்லாத பெரிய கொள்ளளவுச் சில்லு பின்னர் வந்தபோது, அதனை எவ்வாறு படிப்பதென்று பழைய கருவி அறியவில்லை. சோனியின் மெமரி ஸ்டிக் 128 மெகாபைட்டோடு நின்றது. 2003இல் வந்த மெமரி ஸ்டிக் புரோ அதே வடிவில் இருந்தும் பழைய கருவிகளில் இயங்கவில்லை. காம்பாக்ட் ஃபிளாஷிலும் எஸ்டியிலும் கட்டுப்படுத்தி அட்டைக்குள்ளேயே அமைந்தது. அவை நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

எழுத்தெண்ணும் பக்க எண்ணும்

போட்டியில் வென்று பெரும்பாலான கருவிகளில் இடம்பெற்றது எஸ்டி அட்டை. 32 மில்லிமீட்டர் நீளம், 24 மில்லிமீட்டர் அகலம் என்னும் அதன் அளவு தொடக்கம் முதல் மாறவே இல்லை. குழப்பத்தின் வேரும் அங்கேயே உள்ளது. ஒரே உருவில் எஸ்டி, எஸ்டிஎச்சி, எஸ்டிஎக்ஸ்சி, எஸ்டியுசி என நான்கு தலைமுறைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. முதல் தலைமுறையின் எல்லை 2 கிகாபைட்டு. 2006இல் வந்த எஸ்டிஎச்சி அதனை 32 கிகாபைட்டாகவும், 2009இல் வந்த எஸ்டிஎக்ஸ்சி 2 டெராபைட்டாகவும், 2018இல் வந்த எஸ்டியுசி 128 டெராபைட்டாகவும் உயர்த்தின.

முதல் தலைமுறைக் கருவியில் 8 கிகாபைட்டு அட்டையை இட்டால் 2 கிகாபைட்டு அளவேனும் பயன்படலாகாதா என்று கேட்கத் தோன்றும். அவ்வாறு பயன்படாமைக்குக் காரணம் முகவரி. அட்டையில் எந்த இடத்தில் எழுத வேண்டும் என்பதைக் கருவி 32 பிட்டு நீளமுள்ள எண்ணாகச் சொல்கிறது. பழைய முறையில் அவ்வெண் பைட்டைக் குறிக்கும். 32 பிட்டுகளால் ஏறத்தாழ 429 கோடி எண்களையே எழுத முடியும். அஃதாவது 4 கிகாபைட்டுக்கு மேல் முகவரி இல்லை. இவ்வெல்லையைக் கடக்க, எஸ்டிஎச்சி அட்டையில் அதே எண் 512 பைட்டுகள் கொண்ட ஒரு தொகுதியைக் குறிக்குமாறு மாற்றப்பட்டது.

ஒரு நூலில் ஓரிடத்தைச் சுட்ட ஒருவர் எழுத்துகளை எண்ணியும், மற்றொருவர் பக்கங்களை எண்ணியும் சொல்வதாகக் கொள்ளலாம். '5120' என்று கருவி சொன்னால், பழைய அட்டை 5120ஆம் பைட்டுக்குச் செல்லும். அது பத்துத் தொகுதிகளைக் கடந்த இடம். புதிய அட்டையோ 5120 தொகுதிகளைக் கடந்து சென்றுவிடும். இருவரும் ஒரே எண்ணைச் சொல்லி வெவ்வேறு இடத்தில் நிற்பர்.

இத்தகைய பிழை நேராதிருக்கத் தரநிலையிலேயே ஒரு காப்பு உண்டு. மின்சாரம் கிடைத்ததும் கருவியும் அட்டையும் தம்முள் அறிமுகம் செய்துகொள்கின்றன. தொகுதி முகவரியை அறிவேன் என்று கருவி தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிடில் எஸ்டிஎச்சி அட்டை 'ஆயத்தம்' என்னும் விடையை அளிப்பதே இல்லை. கருவி காத்திருந்து, அட்டையில் பழுது என்று திரையில் காட்டுகிறது. அட்டையிலும் பழுதில்லை; கருவியிலும் பழுதில்லை. இதனை அறியாமல் நல்ல அட்டையைக் குப்பையில் இட்டவர் பலர்.

சிறிய மைக்ரோ எஸ்டி அட்டையைப் பெரிய உறையில் இட்டுச் செருகினால் இத்தடை நீங்குமென்று சிலர் கருதுவர். அவ்வுறைக்குள் இருப்பவை கம்பி இணைப்புகளே. மொழிபெயர்ப்பான் ஏதும் அங்கில்லை.

தெரிந்து தெளிவோம்
எஸ்டி அட்டையின் ஓரத்திலுள்ள சிறு பூட்டு, அட்டைக்குள் எதனோடும் இணைக்கப்படவில்லை. அது நிற்கும் இடத்தைக் கருவியின் செருகுவாயே உணர்ந்துகொள்கிறது. பூட்டு உடைந்து விழுந்த அட்டையைக் கருவி பூட்டியதாகவே கொள்ளும். அவ்விடைவெளியை ஒட்டுநாடாவால் மூடினால் எழுத இயலும்.

அழிக்கத் தூண்டும் வினா

எஸ்டிஎக்ஸ்சி தலைமுறையில் முகவரி முறை மாறவில்லை. கோப்பு முறைமை மாறியது. எந்தக் கோப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் குறித்துவைக்கும் ஒழுங்கே கோப்பு முறைமை. எஸ்டிஎச்சி அட்டையில் ஃபேட்32 என்னும் முறைமையும், எஸ்டிஎக்ஸ்சி அட்டையில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் எக்ஸ்ஃபேட் என்னும் முறைமையும் வழங்குகின்றன.

மாற்றத்திற்குக் காரணம் காணொலி. ஃபேட்32இல் ஒரு கோப்பின் நீளத்தைக் குறிக்க ஒதுக்கிய இடமும் 32 பிட்டே. ஆகவே எந்தக் கோப்பும் 4 கிகாபைட்டை எட்ட இயலாது. நொடிக்கு 100 மெகாபிட்டு வீதம் பதியும் காணொலி ஆறு நிமிடத்திற்குள் அவ்வெல்லையைத் தொட்டுவிடும். ஒரு நாட்டியத்தையோ திருமணச் சடங்கையோ இடைவிடாது பதிவுசெய்பவருக்கு இஃது இடையூறு. சில கருவிகள் தாமே அடுத்த கோப்பைத் தொடங்கும். சில பதிவை நிறுத்திவிடும்.

எக்ஸ்ஃபேட் அறியாத கருவி, படங்கள் நிறைந்த அட்டையையும் ஒழுங்கற்ற வெற்று அட்டையாகவே காணும். உடனே, அட்டையை ஃபார்மட் செய்யலாமா என்று வினவும். தேவையான சேர்க்கையை நிறுவாத விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளும் அவ்வாறே வினவின. அந்நொடியில் அட்டையிலுள்ள ஒரு படமும் கெடவில்லை. 'ஆம்' என்று விரல் அழுத்தியதும் கோப்புகளின் பட்டியல் அழிகிறது. பெரும்பாலான கருவிகளில் இச்செயல் பட்டியலை மட்டும் துடைப்பதால், அதன்மேல் வேறெதுவும் எழுதாதவரை மீட்பு மென்பொருளால் படங்களைத் திரும்பப் பெற வாய்ப்புண்டு. புதிய படங்களை எடுக்கத் தொடங்கினால் அவ்வாய்ப்பும் சுருங்கும். எனவே அறியாத கருவியொன்று இவ்வாறு வினவும்போது அட்டையை வெளியே எடுத்து, படம் எடுத்த கருவியிலேயே இட்டுப் பார்த்தலே தக்கது. அட்டை படிப்பான்களிலும் தலைமுறை வேறுபாடு உண்டு. எஸ்டி மட்டுமே அறிந்த பழைய படிப்பான், எஸ்டிஎச்சி அட்டையையே படிப்பதில்லை.

வேகமும் போலியும்

அட்டை ஏற்கப்பட்ட பின்னும் வேகம் போதாமல் காணொலிப் பதிவு நடுவில் நின்றுவிடுவதுண்டு. உறையில் பெரிதாக அச்சிடப்படும் எண் பெரும்பாலும் படிக்கும் வேகத்தின் உச்சம்; பதிவுக்குத் தேவையானது எழுதும் வேகத்தின் தாழ்ந்த எல்லை. 'வி30' என்னும் குறி, தொடர்ந்து எழுதுகையில் நொடிக்கு 30 மெகாபைட்டுக்குக் குறையாது என்பதைச் சுட்டும். மிகுவிரைவு அட்டைகளின் பின்புறம் இரண்டாம் வரிசைத் தொடுமுனைகள் இருக்கும். ஒரே வரிசையுள்ள பழைய கருவியிலும் அவை இயங்கும். ஆனால், கொடுத்த கூடுதல் விலைக்குரிய வேகம் அங்கே கிடைக்காது.

போலி அட்டையின் கேடு இவை அனைத்தினும் கொடிது. உள்ளே சிறிய சில்லை வைத்து, கேட்டால் பெரிய கொள்ளளவைச் சொல்லுமாறு அதன் கட்டுப்படுத்தியை மாற்றிவிடுகின்றனர். கருவி அதனை நம்பி எழுதுகிறது. உண்மையான இடம் தீர்ந்ததும் புதிய படங்கள் பழையவற்றின்மேல் எழுதப்படுகின்றன, அல்லது எங்கும் பதியாமற் போகின்றன. திரையில் எவ்வித எச்சரிக்கையும் தோன்றாது. அட்டை முழுவதையும் எழுதி, எழுதியதை மீண்டும் படித்து ஒப்பிடும் மென்பொருளே இதனைக் கண்டுபிடிக்கும்.

கருவி கற்றுக்கொள்ளும் வழி

சுருளுக்கு இல்லாத ஒரு நன்மை எண்ணிமக் கருவிக்கு உண்டு. அதனுள் இருக்கும் நிலைப்பொருளைப் புதுப்பித்துப் புதிய அட்டையின் மொழியைக் கற்பிக்கலாம். நிக்கான் நிறுவனம் 2018இல் வெளியிட்ட இசட்6, இசட்7 படக்கருவிகள் எக்ஸ்கியூடி அட்டையையே ஏற்றன. அதே வடிவிலமைந்த சிஎஃப்எக்ஸ்பிரஸ் அட்டை பின்னர் வந்தபோது, 2019 டிசம்பரில் அளிக்கப்பட்ட நிலைப்பொருளால் அவை அதனையும் ஏற்கத் தொடங்கின. கருவியைத் திறக்கவோ எப்பகுதியையும் மாற்றவோ வேண்டியிருக்கவில்லை.

எல்லா நிறுவனங்களும் பழைய கருவிகளுக்கு இவ்வுதவியை நீட்டிப்பதில்லை. புதுப்பிப்பு வராத முதல் தலைமுறைக் கருவிக்கு 2 கிகாபைட்டு அட்டையே துணை. கடைகளில் அது அரிதாகிவிட்டது. ஒரு படம் 2 மெகாபைட்டு எனக் கொண்டால், அதில் ஏறத்தாழ ஆயிரம் படங்கள் அடங்கும். ஒரு சுருளில் 36 படங்களே எடுக்க இயன்ற காலத்தோடு ஒப்பிட்டால் அது குறைந்த அளவன்று.